அத்தியாயம் 3: கழுவும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்

முலாம் பட்டறை வைக்க நினைப்பவர் முதலில் விசாரிப்பது ரெக்டிபையர் என்ன விலை என்பதை. அடுத்து, நிக்கல் சல்பேட் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதை. இந்த நூலில் அவை இரண்டும் பின்னால்தான் வருகின்றன. தொட்டியிலிருந்து தூக்கிய பொருளைக் கழுவித்தான் ஆகவேண்டும். கழுவிய தண்ணீரில் நிக்கலோ செம்போ துத்தநாகமோ கரைந்திருக்கும். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? இதற்குத் தெளிவான பதில் கையில் வரும்வரை ஒரு பிளாஸ்டிக் தொட்டிகூட வாங்க வேண்டாம். அனுமதி கேட்டுப் போகும் அலுவலகத்தில் உங்களிடம் கேட்கப்போவதும் இதுதான். பட்டறை லாபத்தில் ஓடுமா என்பதும் பெரும்பாலும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

வீட்டிலேயே வைக்கலாமா?

குடியிருப்புத் தெருவில், வீட்டின் பின்கட்டிலோ மொட்டை மாடியிலோ, கூலிக்கு முலாம் பூசித் தரும் பட்டறை நடத்தத் தமிழ்நாட்டில் சட்டப்படி வழி கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் தொழில்களை நிறம் வைத்துப் பிரிக்கின்றன. மின்முலாம் சிவப்பு வகையில், அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில்களின் வரிசையில் இருக்கிறது. உங்கள் தொட்டி 50 லிட்டரா, 5,000 லிட்டரா என்பதைப் பார்த்து அந்த நிறம் மாறுவதில்லை.

“முதலில் சின்னதாக ஆரம்பி, வேலை பிடித்துக்கொண்டால் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம்” என்று ஆலோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. வேறு தொழில்களுக்கு அது ஒருவேளை பொருந்தலாம். இதற்குப் பொருந்தாது. 1974-ம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 25-வது பிரிவு, கழிவுநீர் வெளியேறக்கூடிய தொழிலைத் தொடங்குவதை மட்டுமல்ல, அதைத் தொடங்குவதற்கான நடவடிக்கை எடுப்பதையே வாரியத்தின் முன் இசைவு இல்லாமல் செய்யக் கூடாது என்கிறது. ஷெட் போட்டு, தொட்டி இறக்கி, ஒயரிங் முடித்துவிட்டு விண்ணப்பம் போடுபவர் விண்ணப்பிக்கும்போதே சட்டத்தை மீறியவராகத்தான் போய் நிற்கிறார்.

பொழுதுபோக்காகவோ பழகிப் பார்ப்பதற்காகவோ மேசை மேல் சிறு தொட்டி வைப்பவர்கள், தங்களுக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்கக் கூடாது. அதே சட்டத்தின் 24-வது பிரிவு தொழிற்சாலையை மட்டும் குறிப்பிடவில்லை. எந்த நபரும் நச்சுப் பொருளைத் தெரிந்தே ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ விடக் கூடாது என்கிறது. ஒரு வாளி செம்புக் கரைசலைப் பாத்ரூமில் கவிழ்ப்பதும் அதில் அடங்கும். பாதாளச் சாக்கடை இல்லாத ஊரில் அந்தத் தண்ணீர் செப்டிக் டேங்குக்குப் போகும், அங்குள்ள நுண்ணுயிர்களைக் கொல்லும், உறிஞ்சுகுழி வழியாக மண்ணில் இறங்கும். அதே மனையிலோ பக்கத்து மனையிலோ போர்வெல் இருக்கும். உலோகம் மட்கிப்போகும் பொருள் அல்ல. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுப்போன லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, ஆலை மூடிப் பல ஆண்டுகளுக்குப் பிறகும் நிலத்தடி நீரை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தது. அது பெரிய ஆலையின் கழிவு. உங்கள் பட்டறையில் அளவு சிறிதாக இருக்கும். ஆனால் வாளிக் கணக்கில் ஊற்றியதும் அங்கேயேதான் தங்கும்.

சரி, வீட்டளவில் தொழில் செய்ய நினைப்பவருக்கு என்ன வழி? மூன்று வழிகள் இருக்கின்றன. நான் முதலில் பரிந்துரைப்பது வேலையைப் பிரித்துக்கொள்வதை. பொருள் வாங்குவது, தரம் பிரிப்பது, செம்புக் கம்பியில் கட்டுவது, முலாம் படக் கூடாத இடத்தை மறைப்பது, முடிந்த பொருளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குவது, கணக்கு, வாடிக்கையாளர் எல்லாவற்றையும் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி வேலையை மட்டும் அனுமதி பெற்ற பட்டறைக்குக் கூலிக்குக் கொடுங்கள். முதலீடு குறைவு. ஒன்றிரண்டு ஆண்டுகளில் எந்தப் பொருளுக்கு ஊரில் தேவை இருக்கிறது, எதில் பொருள் திரும்பி வருகிறது என்பதும் கையோடு பிடிபட்டுவிடும்.

இரண்டாவது வழி, தொழிற்பேட்டையில் சிறு ஷெட். அம்பத்தூர், திருமுடிவாக்கம், கோவை குறிச்சி என்று சிட்கோவின் பேட்டைகள் பல இருக்கின்றன. பேட்டைக்குள் இடம் கிடைத்தாலே முலாம் பூச அனுமதி கிடைத்துவிடும் என்று எண்ணி முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அந்த மனையில் கழிவுநீர் உண்டாகும் தொழிலை வாரியம் ஏற்குமா என்பதை மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் முதலில் கேட்டறியுங்கள்.

மூன்றாவது, வீட்டை ஒட்டிய சொந்த நிலத்தில் தனி ஷெட். நிலம் தொழில் பயன்பாட்டுக்கென வகைப்படுத்தப்பட்டதாக இருக்க வேண்டும். அது போதாது, நீர்நிலைகளிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் சரியாக அமைய வேண்டும். 1989-ம் ஆண்டின் அரசாணை ஒன்று, ஆறு, ஓடை, ஏரி போன்ற நீராதாரங்களிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழில்களைத் தடை செய்தது. 1998-ல் வந்த அரசாணை காவிரி, பாலாறு, பெண்ணையாறு, வைகை, தாமிரபரணி, அவற்றின் துணையாறுகள் ஆகியவற்றுக்கு அந்த எல்லையை 5 கிலோமீட்டர் ஆக்கியது. கிராம வரைபடத்தை விரித்துவைத்து, வறண்டு கிடக்கும் ஓடையையும் கணக்கில் சேர்த்து அளந்து பாருங்கள். தண்ணீர் ஓடவில்லை என்பதால் வருவாய்த் துறைப் பதிவிலிருந்து ஓடை மறைந்துவிடுவதில்லை.

எந்த முலாம்?

இடத்துக்கு அடுத்த முடிவு வேதியியல். சிறு பட்டறைக்கு நான் இரண்டு பொருள்களை வாசலிலேயே நிறுத்திவிடச் சொல்வேன்: சயனைடு, ஆறு இணைதிறன் குரோமியம்.

சயனைடு கரைசல் நன்றாக வேலை செய்யும். இரும்பின் மேல் செம்பு ஒட்டுவதற்கும், கவரிங் நகைக்குத் தங்கம் ஏற்றுவதற்கும் பட்டறைகள் அதை நெடுங்காலமாக நம்பியிருப்பது அதனால்தான். சிதம்பரம் போன்ற கவரிங் ஊர்களில் தங்க முலாம் வேலைக்குப் பயன்படும் பொட்டாசியம் தங்க சயனைடு உப்பில் எடைக்கு 68 சதவீதம் தங்கம். மிச்சத்தில் சயனைடும் இருக்கிறது. பிரச்சினை எங்கே என்றால், எந்த முலாம் பட்டறையிலும் அமிலம் இருந்தே தீரும். சயனைடு கரைசலில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். கசப்பு வாதுமை போல மணக்கும் என்பார்கள். அந்த மணமே தெரியாத மூக்குகள் பலருக்கு உண்டு. பழக்கமான கைகள், தனித்தனிக் கழுவு தொட்டிகள், தனித்தனி வடிகால்கள், பக்கத்தில் இன்னொரு ஆள் எல்லாம் உள்ள இடத்தில் செய்யும் வேலை அது. ஒற்றை ஆளாக ஒரே அறையில் செய்ய வேண்டியது அல்ல. 1919-ம் ஆண்டின் நஞ்சுச் சட்டத்தின் கீழ் சயனைடை வாங்கவும் வைத்திருக்கவும் கட்டுப்பாடுகளும் உண்டு.

குரோமிக் அமிலத் தொட்டியிலிருந்து எழும் மூடுபனி வேறு விதம். உடனே ஆளைச் சாய்க்காது. மூக்கின் நடுத்தண்டை மெல்ல அரித்து ஓட்டையாக்கும், நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். குரோம் பளபளப்பு வேண்டுமென்றால் மூன்று இணைதிறன் குரோமியக் கரைசல்கள் இப்போது விற்பனைக்கு இருக்கின்றன. நிறம் சற்றே மாறுபடும், விலை கூடும். என் கணிப்பில் அந்த விலையைக் கொடுப்பதே சரி.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆனோடுக்கு நிக்கலோ செம்போ வாங்கக் காசில்லாமல், வீட்டில் கிடக்கும் எவர்சில்வர் கரண்டியையோ தகட்டையோ மாட்டுபவர்கள் உண்டு. எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது கரைந்து, நீங்கள் வேண்டாம் என்று விலக்கிய அதே ஆறு இணைதிறன் குரோமியமாகத் தொட்டிக்குள் வந்துவிடலாம். கரைசல் மஞ்சளாகத் திரும்பினால் உடனே நிறுத்துங்கள்.

தொடக்கத்துக்கு ஏற்றது பித்தளை மேல் நிக்கல். இடையில் வேறு படலம் இல்லாமலே பிடிக்கும், கரைசலும் நிலையானது. உலகெங்கும் புழக்கத்தில் உள்ள வாட்ஸ் கரைசலில் லிட்டருக்கு 240 முதல் 300 கிராம் நிக்கல் சல்பேட், 45 கிராம் அளவில் நிக்கல் குளோரைடு, 30 முதல் 45 கிராம் போரிக் அமிலம் இருக்கும். பி.எச். 4-ஐ ஒட்டி, வெப்பம் 50 முதல் 60 டிகிரி. துத்தநாகம் வேண்டுமானால் சயனைடு இல்லாத காரக் கரைசலோ அமிலக் குளோரைடு கரைசலோ எடுத்துக்கொள்ளலாம். இரும்பை நேராக அமிலச் செம்புத் தொட்டியில் இறக்கினால் செம்பு தானாகப் படியும், ஆனால் விரலால் தேய்த்தாலே உரிந்து வந்துவிடும். இரும்புக்கு முதலில் மெல்லிய நிக்கல் படலம் ஏற்றிக்கொண்டு பிறகு செம்புக்குப் போக வேண்டும்.

நிக்கல் உப்பை மென்மையான பொருள் என்று எண்ண வேண்டாம். அதன் தூசியையும் ஆவித் துளிகளையும் சுவாசிப்பது புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தோலில் அரிப்பு ஒருமுறை ஏற்பட்டுவிட்டால் வாழ்நாள் முழுவதும் கைக்கடிகாரப் பட்டைகூட ஒத்துக்கொள்ளாமல் போகும். உப்பை எடை போடும்போது முகக்கவசம், கையுறை இரண்டும் வேண்டும்.

பித்தளையைப் பளிச்சென்று ஆக்க நைட்ரிக் அமிலத்தில் முக்கி எடுக்கும் வழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முக்கியதும் செம்பழுப்புப் புகை எழும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. சுவாசித்தவருக்குச் சற்று இருமல் வரும், அது நின்றுவிடும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் தொடங்கும். ஆகவே அந்தப் புகை பட்டவர் தெளிவாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், எந்தப் புகை என்பதைச் சொல்லிக் கண்காணிப்பில் வைக்க வேண்டும். இந்த நூலைப் படிப்பவர்கள் நைட்ரிக்கைத் தவிர்த்துவிட்டு, பஃபிங் சக்கரத்திலும் நீர்த்த சல்பூரிக்கிலும் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மினுமினுப்பு ஒரு மாற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை.

ஒரு சொம்பின் கணக்கு

200 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு பித்தளைப் பொருளை எடுத்துக்கொள்வோம். சதுர டெசிமீட்டருக்கு 3 ஆம்பியர் வைத்தால் 6 ஆம்பியர் வேண்டும். அந்த வேகத்தில் 10 மைக்ரான் நிக்கல் ஏற ஏறக்குறைய 17 நிமிடம். பொருளின் மேல் படிந்த நிக்கல் 1.8 கிராம்.

இப்போது அதைத் தூக்குகிறீர்கள். அது சொம்பு போலக் குழிந்த பொருள் என்றால், கவனக்குறைவாகத் தூக்கும்போது 20 மில்லிலிட்டர் கரைசலாவது கூடவே வந்துவிடும். வாட்ஸ் கரைசல் ஒரு லிட்டரில் 70 கிராமுக்கு மேல் நிக்கல் உண்டு. அந்த 20 மில்லியில் ஒன்றரை கிராம். பொருளில் ஏறிய நிக்கலுக்குக் கிட்டத்தட்டச் சமமான நிக்கல் கழுவும் தண்ணீருக்குப் போய்விட்டது. வெளியே விடும் நீரில் நிக்கல் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது முலாம் தொழிலுக்கான தேசிய வரம்பு. ஒற்றைச் சொம்பு கொண்டுவந்த ஒன்றரை கிராம், 500 லிட்டர் தண்ணீரை அந்த வரம்பு வரை கெடுக்கப் போதுமானது. தண்ணீர் ஊற்றி நீர்த்துப்போகச் செய்து வரம்புக்குள் காட்டலாமே என்றால், அதை வாரியம் சுத்திகரிப்பாக ஏற்காது. மண்ணுக்குள் போகும் நிக்கலின் அளவும் அதனால் குறைவதில்லை.

ஆகவே முதல் சுத்திகரிப்பு உங்கள் கையில்தான் இருக்கிறது. கம்பியில் கட்டும்போதே குழி கீழ்நோக்கிக் கவிழும்படி கட்டுங்கள். தொட்டிக்கு மேல் தூக்கியதும் பத்துப் பதினைந்து விநாடி சாய்த்துப் பிடியுங்கள், சொட்டு நின்ற பிறகு நகருங்கள். அவசரத்தில் முதலில் கைவிடப்படுவது இந்தப் பதினைந்து விநாடிதான். தொட்டிக்கும் அடுத்த தொட்டிக்கும் நடுவே சொட்டுகள் மீண்டும் தொட்டிக்குள் வழியும்படி சாய்வான பலகை வையுங்கள்.

அடுத்து, ஓடாத நீர்த் தொட்டி ஒன்று. முதல் முக்கு அதில். அந்தத் தண்ணீரில் நாளடைவில் நிக்கல் சேரும். 55 டிகிரியில் இருக்கும் முலாம் தொட்டியில் நீர் தினமும் ஆவியாகி மட்டம் இறங்கும். இறங்கிய அளவுக்கு இந்த நீரையே திரும்ப ஊற்றுங்கள். இழந்த நிக்கல் தொட்டிக்கே வந்துசேரும். இதற்காகவே அந்தத் தொட்டியில் குழாய்த் தண்ணீர் ஊற்றக் கூடாது. நம் ஊர் போர்வெல் நீரின் சுண்ணாம்புச் சத்து முலாம் தொட்டிக்குள் சேர்ந்து படலத்தைச் சொரசொரப்பாக்கிவிடும். கனிமம் நீக்கிய நீர் வேண்டும்.

அதற்குப் பிறகு எதிரோட்டக் கழுவல். புது நீர் கடைசித் தொட்டியில் இறங்கி, நிரம்பி, முந்தைய தொட்டிக்கு வழியும். பொருள் அதற்கு எதிர்த்திசையில் வரும். மணிக்கு 1 லிட்டர் கரைசல் ஒட்டிக்கொண்டு வருகிறது, அதை ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்க்கச் செய்ய வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தொட்டி என்றால் மணிக்கு 1,000 லிட்டர் நீர் தேவை. எதிரோட்டமாக இரண்டு தொட்டி இருந்தால் 32 லிட்டர் போதும், மூன்று இருந்தால் 10 லிட்டர். கூடுதலாக இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள், அவ்வளவுதான் செலவு. சிறு பட்டறைக்காரர் தம் பணத்தை முதலில் போட வேண்டிய இடம் இது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1,000 லிட்டரைச் சுத்திகரிக்கும் அமைப்பு உங்கள் வசதிக்கு எட்டாது, 10 லிட்டரைச் சுத்திகரிப்பது எட்டும்.

மிஞ்சும் நீரைப் பீப்பாயில் சேர்த்து மொத்தமாகச் சுத்திகரிக்கலாம். காஸ்டிக் சோடா கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து பி.எச். 10-க்குச் சற்று மேல் கொண்டுபோனால் நிக்கல் பச்சைச் சேறாகப் பிரியும். இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை வடிகட்டி, நீர்த்த சல்பூரிக் அமிலத்தால் பி.எச்.-ஐ 6-க்கும் 9-க்கும் நடுவே இறக்க வேண்டும். செம்பு 9-ஐ ஒட்டியே படிந்துவிடும், நிக்கல்தான் பிடிவாதம் பிடிக்கும். அம்மோனியா உள்ள கரைசலையும், மின்சாரமில்லா நிக்கல் கரைசலையும் இந்தப் பீப்பாயில் சேர்க்கவே கூடாது. அவற்றில் உள்ள பொருள்கள் நிக்கலைப் பிடித்துவைத்துக்கொள்ளும், என்ன செய்தாலும் அது படியாது. தெளிந்த நீரை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். சுத்திகரித்த நீரை வெளியே விடாமல் மறுபயன்பாடு செய்ய வேண்டும் என்று இசைவாணையில் நிபந்தனை இருந்தால், முதற்கட்டக் கழுவலுக்குத் திருப்பி, மிச்சத்தை ஆவியாக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பச்சைச் சேறு குப்பைத்தொட்டிக்கோ வயலுக்கோ போகும் பொருள் அல்ல. அது அபாயகரக் கழிவு. மழை படாத, தரையில் அமிலம் தாங்கும் பூச்சு உள்ள இடத்தில், பெயர்ச்சீட்டு ஒட்டிய மூடிய பீப்பாயில், அதிகபட்சம் 90 நாள் வைத்திருக்கலாம். பிறகு கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற அங்கீகரிக்கப்பட்ட பொதுக் கழிவு மையத்துக்கு உரிய ஆவணத்தோடு அனுப்ப வேண்டும். பழைய இரும்புக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டால் பொறுப்பு தீர்ந்துவிடாது.

ஷெட்டுக்குள்

முலாம் பட்டறைகளில் தீப்பிடிக்கப் பொதுவான காரணம் ஹீட்டர். தொட்டி நீர் ஆவியாகி மட்டம் இறங்கும், ஹீட்டரின் மேல்பகுதி வெளியே தெரியும், பழுக்கக் காய்ந்து பிளாஸ்டிக் தொட்டியின் சுவரைப் பற்றவைக்கும். ஆளில்லாத இரவு நேரத்தில் இது நடக்கும். நீர்மட்டம் குறைந்தால் தானாக அணையும் சுவிட்சு இல்லாத ஹீட்டரை வாங்கவே வாங்காதீர்கள். பட்டறையை மூடும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போங்கள். காலையில் சூடேற ஆகும் நேரத்தை நினைத்து இரவெல்லாம் ஓடவிடுவதை வழக்கமாக்க வேண்டாம்.

ரெக்டிபையரின் வெளியீடு 12 வோல்ட்டுக்குள் இருப்பதால் அந்தப் பக்கம் ஷாக் அடிக்காது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. உள்ளே வருவது 230 வோல்ட். தரை ஈரம், கை ஈரம். 30 மில்லிஆம்பியர் கசிவுத் தடுப்பான், முறையான எர்த் இரண்டும் கட்டாயம். வெளியீட்டுப் பக்கத்தில் ஆம்பியர் அதிகம் என்பதால் தளர்ந்த இணைப்பு சூடேறித் தீப்பொறி தரும், பொருளைச் சுற்றி எழும் குமிழிகளிலோ ஹைட்ரஜன் இருக்கும். மின்சாரம் ஓடும்போது தொட்டி மேல் எந்த இணைப்பையும் கழற்றாதீர்கள். வீட்டு மின் இணைப்பில் தொழில் நடத்தக் கூடாது. தொழில் கட்டணப் பிரிவில் தனி இணைப்பு வாங்குங்கள்.

காற்றுக்கு, தலைக்கு மேல் புகைக்கூண்டு வைப்பது இயல்பாகத் தோன்றும். அது தவறு. தொட்டியிலிருந்து எழும் ஆவி, குனிந்து நிற்கும் உங்கள் முகத்தைக் கடந்துதான் மேலே போகும். தொட்டியின் விளிம்பிலேயே பக்கவாட்டில் உறிஞ்சும் அமைப்பு வேண்டும். உறிஞ்சிய காற்றை நீர் தெளிக்கும் கழுவியின் வழியாக விட வேண்டும்.

தொட்டிகள் ஒவ்வொன்றும் அகலமான ஒரு தட்டுக்குள்ளோ, சிறு கரை கட்டிய தரையிலோ நிற்கட்டும். பெரிய தொட்டி உடைந்தால் அதன் முழுக் கொள்ளளவும் கரைக்குள் நிற்க வேண்டும். அந்தக் கரைக்குள் வடிகால் துவாரம் இருக்கக் கூடாது. அமிலமும் காரமும் வேறு வேறு கரைகளுக்குள்.

உடம்புக்கு: முழங்கை வரை வரும் நைட்ரைல் கையுறை, ரப்பர் ஏப்ரன், முகம் முழுக்க மறைக்கும் கவசம், ரப்பர் பூட்ஸ். பேண்ட் பூட்ஸுக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் வழிந்த அமிலம் நேராகப் பாதத்துக்குப் போய்த் தங்கிவிடும். லுங்கியோடும் ஹவாய் செருப்போடும் யாரையும் உள்ளே விடாதீர்கள். பத்தடிக்குள் கண் கழுவும் குழாய் இருக்கட்டும். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்து 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவ வேண்டும், அதன் பிறகுதான் மருத்துவமனை. அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

வீட்டோடு ஒட்டிய பட்டறையில் என்னை அதிகம் கவலைப்படவைப்பது தண்ணீர் பாட்டில். மீதமான அமிலத்தைக் காலி மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி அலமாரியில் வைப்பார்கள். வெயிலில் விளையாடிவிட்டு வரும் பிள்ளை எடுத்துக் குடிக்கும். எந்த ரசாயனமும் குடிநீர்ப் பாட்டிலில் இருக்கக் கூடாது, ஒரு மணி நேரத்துக்குக்கூட. பட்டறை உடை பட்டறையிலேயே தங்கட்டும், வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். 18 வயதுக்குட்பட்ட யாருக்கும், சொந்தப் பிள்ளையாக இருந்தாலும், தொட்டிப் பக்கம் வேலை கொடுக்காதீர்கள்.

எந்த வேலையை மறுப்பது?

சமையல் பாத்திரத்தின் உட்புறத்தைப் பளபளப்பாக்கி நிக்கல் பூசிக் கேட்பார்கள். புளிக்குழம்பு நிக்கலைக் கரைக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே வேண்டியது வெள்ளீயப் பூச்சு, அதற்கென்று இருப்பவரிடம் அனுப்பிவையுங்கள். வண்டியின் பிரேக், ஸ்டியரிங் போன்ற கடினப்படுத்திய எஃகு பாகங்களையும் வாங்க வேண்டாம். அமிலத்திலும் முலாம் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் அந்த எஃகுக்குள் புகுந்து, பார்வைக்கு ஒன்றும் தெரியாமல், பாரம் ஏறும்போது முறியச் செய்யும். பழைய சாமி விக்கிரகம் வந்தால் வயதைக் கேளுங்கள். நூறாண்டு கடந்தது 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைச் சுரண்டி முலாம் பூசுவது உங்கள் வேலை அல்ல.

காகிதங்கள்

வரிசை முக்கியம். முதலில் நிலப் பயன்பாட்டுச் சான்று. பிறகு வாரியத்தின் இணையதளத்தில், நீர்ச் சட்டத்தின் கீழும் 1981-ம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் கீழும் நிறுவுவதற்கான இசைவு கேட்டு விண்ணப்பம். வரைபடம், ஒரு கிலோமீட்டர் சுற்றுப்புறத்தைக் காட்டும் படம், செய்முறை விளக்கம், எவ்வளவு நீர் வந்து எங்கே போகிறது என்ற கணக்கு, சுத்திகரிப்புத் திட்டம், முதலீட்டுக்கு ஆடிட்டர் சான்று, பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். இந்த அத்தியாயத்தில் சொன்ன சொம்புக் கணக்கை உங்கள் பொருளுக்குப் போட்டுவைத்திருந்தால் நீர்க் கணக்குப் பக்கம் ஏற்கெனவே தயார்.

இசைவு வந்த பிறகு ஷெட், தொட்டி, மின் இணைப்பு, உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம். எல்லாம் அமைந்ததும் இயக்குவதற்கான இசைவு, கூடவே 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் படிவம் 1-ல் விண்ணப்பித்துப் பெறும் அங்கீகாரம். இவை கையில் வந்த பிறகுதான் ரசாயனம் வாங்க வேண்டும். அமிலம் விற்பவர் பதிவேட்டில் உங்கள் அடையாளத்தையும் காரணத்தையும் எழுதிக்கொள்வார். 2013-ல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு வந்த நடைமுறை அது. பில் இல்லாமல் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், முடித்துவிடுங்கள். கூலி வேலை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும்.

தொழில் ஓடும்போது கழிவுப் பதிவேடு படிவம் 3-ல், ஒவ்வொரு பீப்பாய்க்கும் ஒரு பதிவு. அனுப்பும்போது படிவம் 10. ஆண்டுக் கணக்கு படிவம் 4-ல், ஜூன் 30-க்குள். இசைவாணையில் அச்சிட்டிருக்கும் காலாவதி நாளைச் சுவரில் எழுதிவைத்து, மாதங்களுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

பட்டறையை மூடுவதற்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். ஒரு தொட்டி நிறையக் கெட்டுப்போன கரைசலை அகற்ற ஆகும் செலவு, புதிதாகக் கரைசல் போட ஆன செலவை எட்டிவிடலாம். அந்தத் தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் சேர்த்துவாருங்கள். மூடும்போது நல்ல கரைசலை அனுமதி பெற்ற இன்னொரு பட்டறைக்கு விற்கப் பாருங்கள், ஆகாததை அபாயகரக் கழிவாக அனுப்புங்கள். தொட்டிகளையும் கரை கட்டிய தரையையும் கழுவிய நீரைச் சுத்திகரித்து, கடைசிப் பீப்பாய் போனதற்கான படிவம் 10-ன் நகலை வாங்கி வைத்துக்கொண்டு, வாரியத்துக்கு எழுத்துமூலம் தெரிவித்த பிறகு இடத்தைத் திருப்பிக் கொடுங்கள்.